பி.ஏ. பொருளியல் முடிக்கப்போகிறேன், கணிதம் படித்ததில்லை: எம்.ஏ.வுக்கு எப்படித் தயாராவது?

பொருநை

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல், தமிழ் வழி, கடைசிப் பருவம். பிளஸ் டூவில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், வரலாறு எடுத்தேன். கணிதம் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது.

பொருளியலில் எம்.ஏ. படித்து, முடிந்தால் ஆராய்ச்சி வரை போக வேண்டும் என்பது என் ஆசை. இந்தியப் புள்ளியியல் கழகத்தின் எம்.எஸ். குவான்டிடேட்டிவ் எக்கனாமிக்ஸ் நுழைவுத் தேர்வின் பழைய தாள்களை இறக்கிப் பார்த்தேன். முதல் தாள் முழுக்க வகையீடு, தொகையீடு, அணிகள், நிகழ்தகவு. இரண்டாம் தாள்தான் பொருளியல், அதிலும் பாதிக்கு மேல் கணக்காகவே இருக்கிறது. நாங்கள் மூன்று வருடம் படித்தது வரையறை, வரைபடம், நிறை குறை. இரண்டும் ஒரே பாடம்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். முடிவெடுக்கக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. இந்தக் கணிதம் உண்மையிலேயே தேவையா? தேவை என்றால் என்னைப் போன்றவர்களால் பிடிக்க முடியுமா?

வைகைவடகரை

முடியும். நான் பி.எஸ்சி. கணிதம் முடித்து எம்.ஏ. பொருளியலுக்கு வந்தவன். எங்கள் வகுப்பில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள். முதல் பருவம் எங்களுக்கு எளிது, பி.ஏ.விலிருந்து வந்தவர்களுக்குக் கடினம். ஆனால் பணவீக்கம், நிதிப் பற்றாக்குறை, வேளாண் விலை என்று வரும்போது சமன்பாட்டைத் தீர்த்துவிட்டு, அதற்கு என்ன பொருள் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது நாங்கள்தான்.

சேப்பாக்கம்வாசி

பொருநை, ஏன் இவ்வளவு கணிதம் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டோடு பதில் சொல்கிறேன். எம்.ஏ. பாடம் எங்கே வேறு தடத்தில் போகிறது என்று அதில் தெரியும்.

பி.ஏ.வில் சமநோக்கு வளைகோடு, அதாவது ஒரே அளவு திருப்தி தரும் பொருள் சேர்க்கைகளை இணைக்கும் கோடு, வரைந்திருப்பீர்கள். நுகர்வோருக்கு ஒரு பயன்பாட்டுச் சார்பு (அதிகம் விரும்பும் கூடைக்குப் பெரிய எண் தரும் விதி) உண்டு என்று வைத்துக்கொண்டு ஆரம்பிப்போம். கூடை என்றால் பல பொருள்களின் ஒரு சேர்க்கை. முதுநிலை நுண்பொருளியலின் முதல் வாரத்திலேயே அந்த 'வைத்துக்கொண்டு' கேள்விக்கு உள்ளாகும். ஒருவருடைய விருப்பங்களை எண்களாக எழுதிவிட எப்போது முடியும்? எந்த இரண்டு கூடைகளைக் காட்டினாலும் அவரால் ஒப்பிட்டுச் சொல்ல முடிய வேண்டும். முதலாவதை இரண்டாவதைவிடவும், இரண்டாவதை மூன்றாவதைவிடவும் விரும்பினால் முதலாவதை மூன்றாவதைவிட விரும்ப வேண்டும். இவை மட்டும் போதுமா?

போதாது. ஒருவர் இப்படி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: எந்தக் கூடையில் அரிசி கூடுதலோ அதுதான் வேண்டும், ஒரு மணி அதிகம் என்றாலும் சரி. அரிசி இரண்டிலும் சரிசமம் என்றால் மட்டும் பருப்பைப் பார்ப்பார். அகராதியில் சொற்களை அடுக்கும் முறை இது. இவருடைய விருப்பத்தில் குழப்பமே இல்லை, எதைக் கேட்டாலும் பதில் சொல்வார். ஆனால் இவருக்குப் பயன்பாட்டுச் சார்பு கிடையாது. ஏன் என்று நிறுவலாம். ஒவ்வோர் அரிசி அளவுக்கும், ஒரு கிலோ பருப்புள்ள கூடைக்கு ஓர் எண், இரண்டு கிலோ பருப்புள்ள கூடைக்கு அதைவிடப் பெரிய ஓர் எண் கொடுத்தாக வேண்டும். அந்த இரண்டு எண்களுக்கு இடையே ஒரு விகிதமுறு எண், அதாவது முழு எண்களின் பின்னமாக எழுதக்கூடிய எண், கட்டாயம் இருக்கும். அரிசி அளவு மாறினால் இந்த இடைவெளிகள் ஒன்றோடொன்று மோதாமல் தனித்தனியாக நிற்கும். அப்படியானால் எத்தனை அரிசி அளவுகள் உண்டோ அத்தனை விகிதமுறு எண்கள் வேண்டும். அரிசி அளவுகள் எண்ணிடத்தக்கவை அல்ல, அதாவது ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்திப் பட்டியலிட முடியாதவை; விகிதமுறு எண்கள் எண்ணிடத்தக்கவை. ஆகவே அது நடக்காது.

இந்த நான்கு வரி வாதத்தில் வகையீடும் இல்லை, தொகையீடும் இல்லை. இருப்பது நிரூபணம். எம்.ஏ.வில் உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது இதுதான். கணக்குப் போடுவது அல்ல, எந்தக் கூற்று எந்த நிபந்தனையின் மேல் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம். மேலே சொன்னதை இரண்டு தடவை படித்துப் புரிந்துகொண்டீர்கள் என்றால் உங்களால் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பொருநை

மூன்று தடவை படித்தேன். பேப்பரில் எழுதியும் பார்த்தேன். விகிதமுறு எண்கள் ஏன் எண்ணிடத்தக்கவை என்பது மட்டும் தெரியவில்லை, தேடிப் பார்த்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் புரிந்தது. மூன்று வருடத்தில் இப்படி ஒரு பாடத்தை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை என்பதுதான் வருத்தமாக இருக்கிறது.

நெய்தல்

நான் அமெரிக்காவில் பொருளியல் பிஎச்.டி. செய்கிறேன், முதல் வருடப் பாடங்களைக் கடந்தாயிற்று. அங்கே முதல் வருடம் பெரும்பாலும் மூன்றே பாடம்: நுண்பொருளியல், பேரியல் பொருளியல், எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளியல் கேள்விகளுக்குத் தரவுகளிலிருந்து புள்ளியியல் முறையில் விடை காண்பது). வருட முடிவில் தகுதித் தேர்வு. அதில் தேறினால்தான் ஆராய்ச்சிப் பக்கம் போகலாம், மொத்தம் ஐந்து ஆறு வருடம் ஆகும். பெரும்பாலான பிஎச்.டி. இடங்களில் கல்விக் கட்டணத் தள்ளுபடியும் உதவித்தொகையும் சேர்ந்தே வரும், பதிலுக்கு வகுப்பு எடுக்க உதவ வேண்டும். தனி முதுகலைப் படிப்புக்கு அப்படி இல்லை, அங்கே பெரும்பாலும் நாம்தான் பணம் கட்ட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் கடன் வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

பொருநை, உங்களுக்கு இப்போது தேவை ஒரு வரிசை. அரசின் பிளஸ் ஒன், பிளஸ் டூ வணிகக் கணிதமும் புள்ளியியலும் பாடநூல்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதிலிருந்து தொடங்குங்கள். வகையீடு, தொகையீடு, அணிகள், நிகழ்தகவு எல்லாம் அதில் உண்டு, பல எடுத்துக்காட்டுகள் பொருளியலிலிருந்தே வரும். அதை முடித்த பிறகு பிளஸ் டூ கணிதப் பாடநூல். அப்புறம் பல மாறிகளின் வகையீடு, கட்டுப்பாட்டோடு கூடிய உச்சம் காணல், அதாவது லக்ராஞ்சி முறை. நேரியல் இயற்கணிதத்துக்கு ஐ.ஐ.டி.கள் இணையத்தில் தரும் என்.பி.டி.இ.எல். விரிவுரைகள் போதும். வகையீடு, தொகையீட்டின் அடிப்படைகளை நிரூபணத்தோடு படிக்கும் ரியல் அனாலிசிஸ் கடைசியில்.

நாள் கணக்கு வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஒவ்வோர் அத்தியாயத்திலும் பயிற்சிக் கணக்குகளை விடை பார்க்காமல் போடுங்கள். பார்த்துப் புரிந்துகொள்வதும் தானாகப் போடுவதும் ஒன்றல்ல.

மலைநாட்டான்

மேலே எழுதியவர்கள் எல்லோரும் ஒரே வழியைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

எலினார் ஆஸ்ட்ரமை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் கணிதம் போதாது என்ற காரணத்தால் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் பிஎச்.டி.யில் அவரைச் சேர்க்கவில்லை. அரசியலறிவியலில் பட்டம் பெற்றார். ஏரி, காடு, மீன்பிடி இடம் போன்ற பொதுச் சொத்துகளை ஊர் மக்களே விதி வகுத்து எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று களத்தில் ஆராய்ந்தார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கு, அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். குடிமராமத்து என்றால் என்ன என்று தெரிந்த ஊரிலிருந்து வருகிற ஒரு பெண்ணிடம், முதலில் தொகையீடு கற்றுக்கொண்டு வா என்று மட்டும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பொருளியல் வரலாறு, அரசியல் பொருளியல், வேளாண் உறவுகள் ஆகியவற்றுக்கு மதிப்புக் கொடுக்கிற இடங்கள் நம் பக்கத்திலேயே உண்டு. 1971இல் மால்கம் ஆதிசேஷையா சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அதே வருடம் கே.என். ராஜ் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தைத் தொடங்கினார். ராஜ் படித்தது தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில். திருவனந்தபுரம் மையத்தில் எம்.ஏ. உண்டு, பட்டம் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜே.என்.யு.) வழங்குவது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய செங்கல் வளாகம், அருமையான நூலகம். ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நெய்தல்

மலைநாட்டான், ஆஸ்ட்ரமைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் பாதிதான் சொன்னீர்கள். பொதுச் சொத்து ஏன் சீரழிய வேண்டும் என்ற வாதத்தை அவர் உடைத்தது ஆட்டக் கோட்பாட்டை, அதாவது ஒருவர் முடிவு மற்றவர் முடிவைப் பொறுத்திருக்கும் நிலைகளை ஆராயும் கணிதத்தை, வைத்தே. விதிகளை மாற்றினால் ஆட்டத்தின் முடிவு எப்படி மாறுகிறது என்று எழுதிக் காட்டினார், ஆய்வகத்தில் சோதனைகளும் செய்தார். களமும் தெரிந்தது, எதிராளியின் கருவியும் தெரிந்தது. கணிதம் தெரியாமலே ஒதுங்கி நின்றிருந்தால் பொருளியலாளர்கள் அவரைக் கேட்டிருப்பார்களா என்று யோசியுங்கள்.

கிராமத்துப் பெண்ணுக்குக் கணிதம் வேண்டாம் என்று நல்லெண்ணத்தில் சொல்வதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. கணிதம் படித்தவர்கள் கொள்கை வகுக்கும் இடத்தில் உட்காருவார்கள், அது இல்லாதவர்கள் அவர்களுக்குத் தரவு திரட்டிக் கொடுப்பார்கள். அந்தப் பிரிவினை எனக்குப் பிடிக்கவில்லை.

மலைநாட்டான்

கடைசிப் பத்தியை ஒப்புக்கொள்கிறேன். கணிதம் வேண்டாம் என்பது என் கருத்தல்ல. அது மட்டும்தான் வாசல் என்று ஆகிவிடக் கூடாது என்பதுதான்.

குமரி ஆசிரியர்

அம்மா பொருநை, நான் அரசுக் கல்லூரியில் பொருளியல் நடத்தி ஓய்வு பெற்றவன். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. பாடத்திட்டத்தில் கணிதமுறைகள் என்று ஒரு தாள் இருக்கும், பிள்ளைகளுக்கு அடிப்படை இல்லை என்று மேலோட்டமாக நடத்தி முடிப்போம். அடிப்படை இல்லை என்பதற்காகத்தான் நிதானமாக நடத்தியிருக்க வேண்டும்.

நீங்கள் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் ஒன்று சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக 1915இல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். வந்த உடனே மாணவர்களைத் தங்கள் சொந்த ஊர்களுக்கு அனுப்பி, நிலம், கூலி, கடன், சாப்பாடு எல்லாவற்றையும் விசாரித்து எழுதிவரச் சொன்னார். 1918இல் அது வெளியானது. அதில் ஒரு ஊர் திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு, தஞ்சைப் பக்கத்துப் பாலக்குறிச்சி, வடாற்காட்டுத் தூசி, ராமநாதபுரத்து வடமலைபுரம் ஆகியவையும் உண்டு. பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1930களில் அதே ஊர்களுக்கு மறுபடி ஆளனுப்பி ஆராய்ந்தார்கள். அதன் பிறகும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். இருவேல்பட்டுக்கு 1980களில் எஸ். குகன் போனார்.

நூறு வருடத்துக்கு ஒரே ஊரைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் உலகத்திலேயே அரிது. கங்கைகொண்டானில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது, சூரிய மின்தகடு செய்கிற ஆலை வந்திருக்கிறது. அந்த ஊரில் நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது, பெண்களின் கூலி வேலை என்ன ஆனது என்று கேட்க உங்களைவிடப் பொருத்தமானவர் யார்? எம்.ஏ. ஆய்வேட்டுக்கு இப்போதே ஒரு நோட்டுப் போட்டு எழுதி வையுங்கள்.

பொருநை

ஐயா, கங்கைகொண்டான் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். இப்படி ஓர் ஆய்வு நடந்ததே எனக்குத் தெரியாது. எங்கள் கல்லூரியில் யாரும் சொன்னதில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று ஆங்கிலம். மற்றது, எம்.ஏ.க்குப் பிறகு வேலை என்ன என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வது?

ஆறாம்திணை

வேலை பற்றி நான் சொல்கிறேன், மத்திய அரசின் பொருளியலாளர் பதவிகளுக்கான இந்திய பொருளியல் பணிக்குத் தயாராகிறவள்.

அந்தத் தேர்வை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது. பொருளியலில் முதுகலைப் பட்டம் கட்டாயம், வயது 21 முதல் 30 வரை, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. எழுத்துத் தேர்வு 1000 மதிப்பெண், நேர்காணல் 200. பொதுப் பொருளியல் மூன்று தாள், இந்தியப் பொருளாதாரம் ஒரு தாள், ஒவ்வொன்றும் 200. பொது ஆங்கிலமும் பொது அறிவும் தலா 100. எல்லாமே ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். இடங்கள் மிகக் குறைவு, அதை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம். ரிசர்வ் வங்கியின் பொருளியல் ஆராய்ச்சித் துறைக்குத் தனியாகத் தேர்வு இருக்கிறது. யு.ஜி.சி. நெட் தேறினால் கல்லூரி ஆசிரியர் வேலைக்குத் தகுதி, ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி.க்கு முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். வீட்டில் இந்த எண்ணைச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

ஆங்கிலம் தடைதான், மறைக்க வேண்டியதில்லை. டெல்லி ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ், ஜே.என்.யு. போன்ற இடங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான சி.யு.இ.டி. முதுநிலைத் தேர்வின் பொருளியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும், தமிழில் வராது. நானும் தமிழ் வழியில் படித்தவள்தான். பாடநூல் ஆங்கிலம் நாவல் ஆங்கிலம் போல அல்ல. திரும்பத் திரும்ப வருவது ஒரே சில நூறு சொற்கள். கணிதம் நிறைந்த பக்கத்தில் சொற்களே குறைவு. எனக்குப் பயம் முதலில் போனது அந்தப் பக்கங்களில்தான்.

வைகைவடகரை

பணம் ஒரு கேள்வி என்றால் இந்தியப் புள்ளியியல் கழகத்தை விட்டுவிடாதீர்கள். கல்விக் கட்டணம் கிடையாது, நன்றாகப் படித்தால் மாத உதவித்தொகையும் உண்டு. பொருளியல் முதுகலை கொல்கத்தாவிலும் டெல்லியிலும் நடக்கிறது. சென்னையில் என்றால் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ், கோட்டூர்புரத்தில். அங்கே கட்டணம் அதிகம், விசாரித்துக்கொள்ளுங்கள்.

சேப்பாக்கம்வாசி

எக்கனாமெட்ரிக்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்றைக்கு முதுநிலைப் பொருளியலின் பாதி அதுதான்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பித்தது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. இதனால் வருகைப் பதிவு உயர்ந்ததா என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வீர்கள்? திட்டம் வந்த பள்ளிகளில் முன்பும் பின்பும் பார்த்தால் போதாது. 2022 என்பது கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் மீண்டுவந்த நேரம், திட்டம் வராத பள்ளிகளிலும் வருகை ஏறியிருக்கும். ஆகவே முதல் வருடம் வந்த பள்ளிகளில் ஏற்பட்ட மாற்றத்திலிருந்து, வராத பள்ளிகளில் ஏற்பட்ட மாற்றத்தைக் கழிக்க வேண்டும். நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி உயர்ந்தபோது பக்கத்துப் பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டு டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994இல் செய்தது இதைத்தான். கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தது, க்ரூகர் அதற்குள் இறந்துவிட்டார்.

இங்கேதான் கடினமான கேள்வி வருகிறது. அந்த 1,545 பள்ளிகள் குலுக்கலில் தேர்ந்தவை அல்ல. மாநகராட்சிப் பள்ளிகள், மலைப்பகுதிப் பள்ளிகள் என்று தேர்ந்தெடுத்தார்கள். அவற்றின் போக்கும் மற்ற பள்ளிகளின் போக்கும் திட்டம் இல்லாவிட்டாலும் ஒன்றாகவே போயிருக்குமா? இதற்குச் சூத்திரம் பதில் தராது. பள்ளியைத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். மலைநாட்டான் கேட்கிற கள அறிவும் நெய்தல் கேட்கிற கணிதமும் சேர்ந்தே தேவைப்படுகிற இடம் இது.

ஆர் என்ற மென்பொருளை இப்போதே நிறுவிக்கொள்ளுங்கள், இலவசம். தேசிய மாதிரி ஆய்வின் குடும்பவாரித் தரவுகளையும் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம்.

நெய்தல்

பொருநை, லக்ராஞ்சி வரை வந்ததும் போட்டுப் பாருங்கள் என்று ஒரு கணக்கு விட்டுவைக்கிறேன். ஒருவரிடம் 600 ரூபாய். அரிசி கிலோ 50, பருப்பு கிலோ 150. அரிசி அளவையும் பருப்பு அளவையும் பெருக்கினால் வருவதுதான் அவருடைய பயன்பாடு. எவ்வளவு வாங்குவார்? அரிசி விலை 72 ஆகிவிட்டால், பழைய பயன்பாட்டிலேயே அவரை வைத்திருக்க இன்னும் எவ்வளவு பணம் தர வேண்டும்?

பொருநை

தாமதத்துக்கு மன்னிக்கவும். வணிகக் கணிதம் இரண்டு நூலும் முடித்துவிட்டேன், லக்ராஞ்சி முறையைத் தனியாகப் படித்தேன். பி.எட். விண்ணப்பம் போடவில்லை, வீட்டில் ஒரு வருடம் தந்திருக்கிறார்கள்.

நெய்தல் அக்கா கணக்கு: முதலில் 6 கிலோ அரிசி, 2 கிலோ பருப்பு, பயன்பாடு 12. விலை ஏறிய பிறகு அதே 12 வேண்டுமென்றால் 5 கிலோ அரிசி, 2.4 கிலோ பருப்பு, செலவு 720. ஆகவே 120 ரூபாய் தர வேண்டும். ஆனால் பழையபடி 6 கிலோவும் 2 கிலோவும் வாங்க வேண்டும் என்றால் 732 ஆகிறது, அதாவது 132 ரூபாய். 12 ரூபாய் வித்தியாசம் எதனால்? எது சரி?

நெய்தல்

இரண்டுமே சரியான எண்கள், இரண்டு வெவ்வேறு கேள்விக்கு. 132 கொடுத்தால் பழைய கூடையை அப்படியே வாங்க முடியும். ஆனால் அவர் வாங்க மாட்டார், விலை ஏறிய அரிசியைக் கொஞ்சம் குறைத்துப் பருப்பைக் கூட்டுவார், முன்பைவிட நன்றாகவே இருப்பார். அந்த மாற்றிக்கொள்ளும் வாய்ப்பின் மதிப்புதான் 12 ரூபாய். 120 ரூபாய் ஈடு பொருளியலாளர் ஹிக்ஸின் பெயரிலும் 132 ரூபாய் ஈடு ஸ்லட்ஸ்கியின் பெயரிலும் வழங்குகிறது.

அகவிலைப்படியை இதோடு சேர்த்துப் பாருங்கள். அது தொழிலாளர் விலைக் குறியீட்டெண்ணை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தக் குறியீட்டின் அடிப்படை ஆண்டு 2016, கூடை மாறாது. ஆகவே அது உங்கள் 132ஐப் போன்றது. ஒரு தரப்பு இதனால் படி தேவைக்கு மேல் போகிறது என்று வாதிடலாம். இன்னொரு தரப்பு, கூடையே பழையது, இன்றைய குடும்பம் செலவழிக்கிற மருத்துவமும் டியூஷன் ஃபீஸும் அதில் போதிய அளவு இல்லை என்று வாதிடலாம். இரண்டு வாதத்தையும் ஒரு பக்கத்தில் எழுதி இங்கே போடுங்கள். அடுத்த கணக்கு அதற்குப் பிறகு.